கிட்டாரில் ஒரு பிக்கப் மட்டும் ஊமையா? ஜாக்கிலிருந்து சுவிட்ச் வரை பழுது கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒரு பிக்கப் பேசவில்லை என்றால் பலரும் செய்வது இரண்டில் ஒன்று: புதுப் பிக்கப் விலை விசாரிப்பார்கள், அல்லது உடனே பிக்கார்டை (கிட்டாரின் முன்பக்கத் தகட்டை) கழற்றி ஈயத்தைச் சூடாக்க ஆரம்பிப்பார்கள். இரண்டும் அவசரம். தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பியும்தான். அதில் அசையும் பாகம் எதுவும் இல்லை. அசைவது எந்தப் பிக்கப் பேச வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச், சுழல்வது வால்யூம், டோன் குமிழ்களின் அடியில் இருக்கும் பாட், இழுபடுவது கேபிள் செருகும் ஜாக். பழுதில் பெரும்பங்கு இந்த மூன்றில்தான் இருக்கும். எந்த இடம் என்பதை ஒரு திருகைக்கூடக் கழற்றாமல், காதாலும் மலிவான ஒரு மல்டிமீட்டராலும் பெரும்பாலும் சொல்லிவிட முடியும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் டர்பனில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ப்ளஃப், இசிபிங்கோ போலக் கடலுக்குப் பக்கத்தில் குடியிருந்தால் உப்புக் காற்றும் கோடைகால ஈரமும் சேர்ந்து சுவிட்சின் தொடுமுனைகளை மெதுவாகக் கறுக்க வைக்கும். சாட்ஸ்வர்த்திலிருந்தும் பீனிக்ஸிலிருந்தும் கல்யாண மேடைக்கு வாசிக்கப் போகிற பையன்கள் "அண்ணா, நடு பிக்கப் செத்துப்போச்சு" என்று கொண்டுவருகிற கிட்டார்களில் நான் பெரும்பாலும் பார்ப்பது உயிரோடு இருக்கும் பிக்கப்பையும் அழுக்கேறிய சுவிட்சையும்தான்.

முதலில் கிட்டாருக்கு வெளியே

கேபிளை மாற்றிப் பாருங்கள். வேறு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள். பெடல்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு கிட்டாரை நேராக ஆம்பில் செருகுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் இதைத் தாண்டிப்போனால் அப்புறம் செய்கிற எல்லாச் சோதனையும் வீண்.

அடுத்து ஜாக். செருகியதும் ஜாக் சேர்ந்து சுழல்கிறதா? நட் தளர்ந்து, பல மாதமாகச் சுழன்று சுழன்று உள்ளே இருக்கும் ஒயர் முறுக்கேறி அறுந்துபோவது மிகச் சாதாரணம். சுவிட்சின் எல்லா நிலையிலும் சத்தம் விட்டுவிட்டு வந்தால் முதல் சந்தேகம் ஜாக்கின் மேல்தான். ஒரு நிலையில் மட்டும் கோளாறு என்றால் ஜாக்கில் குற்றம் இல்லை, அது எல்லா நிலைக்கும் பொது.

தட்டிக் கேட்பது

ஆம்பைக் குறைந்த சத்தத்தில் வையுங்கள். கிட்டாரின் வால்யூம், டோன் இரண்டும் முழுதாகத் திறந்திருக்கட்டும். ஒரு சிறிய ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் பிக்கப்பின் காந்தக் குச்சிகளை மெல்லத் தட்டுங்கள். அந்த நிலையில் எந்தப் பிக்கப் உயிரோடு இருக்கிறதோ அது "டக்" என்று பளிச்சென்று கேட்கும். மற்றவற்றைத் தட்டினால் மரத்தில் தட்டியது போல மங்கலாகத்தான் வரும்.

மூன்று ஒற்றைக் காயில் (ஒரே கம்பிச் சுருள்) பிக்கப் உள்ள ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையை எடுத்துக்கொள்வோம். பிரிட்ஜ் (உடலில் தந்திகளைத் தாங்கும் பாகம்) பக்கத்தை 1 என்றும் நெக் (கழுத்து) பக்கத்தை 5 என்றும் எண்ணுவது வழக்கம். 1இல் பிரிட்ஜ் மட்டும், 2இல் பிரிட்ஜும் நடுவும், 3இல் நடு மட்டும், 4இல் நடுவும் நெக்கும், 5இல் நெக் மட்டும். 1954இல் இந்தக் கிட்டார் வந்தபோது மூன்று நிலை சுவிட்ச்தான் இருந்தது. வாசிப்பவர்கள் சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி அந்தக் கலப்பு ஓசையைக் கண்டுபிடித்தார்கள். 1977இல்தான் அதைச் செய்யும் ஃபெண்டர் கம்பெனியே ஐந்து நிலை சுவிட்சைப் பொருத்த ஆரம்பித்தது.

ஐந்து நிலையிலும் தட்டிப் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். 3இல் சத்தமே இல்லை, 2 கேட்பதற்கு 1 போலவே இருக்கிறது, 4 அப்படியே 5 போல இருக்கிறது என்றால், நடு பிக்கப்பிலிருந்து சுவிட்ச் வரைக்கும் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. 5 ஊமை, 4இல் நடு மட்டும் என்றால் நெக் பிக்கப்பின் பாதை. 1, 3, 5 மூன்றும் நன்றாக இருந்து 2 அல்லது 4 மட்டும் தடுமாறினால் பிக்கப்களை மறந்துவிடுங்கள், சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. கைப்பிடியைக் கொஞ்சம் அழுத்தினால் அல்லது பக்கவாட்டில் தள்ளினால் சத்தம் திரும்புகிறது என்றாலும் அதே முடிவுதான்.

பழுது என்று நினைத்து வருகிற சிலது பழுதே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய முறை ஸ்ட்ராட் வயரிங்கில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் கிடையாது. இரண்டு பிக்கப்புக்கும் தனித்தனி வால்யூம் உள்ள லெஸ் பால் வகைக் கிட்டாரில் நடு நிலையில் வைத்து ஒரு வால்யூமை முழுவதும் மூடினால் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து அடங்கிவிடும். இவை அந்த வயரிங்கின் இயல்பு.

ஜாக் வழியாகவே அளப்பது

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. திருகாணி ஒன்றும் கழற்ற வேண்டாம். கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் செருகுங்கள். மறுமுனை ஆம்பில் இருக்கக் கூடாது. மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, பிளக்கின் நுனியில் ஒரு முள்ளையும் தண்டில் இன்னொரு முள்ளையும் வையுங்கள். வால்யூமும் டோனும் 10இல் இருக்கட்டும். இப்போது சுவிட்சை ஒவ்வொரு நிலையாக நகர்த்தி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ராட் வகை ஒற்றைக் காயில் பிக்கப் சுமார் 5.5 முதல் 6.5 கிலோ ஓம் காட்டும். பழைய பாணி ஹம்பக்கர் (இரண்டு காயில் உள்ள பிக்கப்) 7 முதல் 8.5 வரை. கனத்த ஓசைக்காக அதிகம் சுற்றிய ஹம்பக்கர்கள் 12க்கு மேலும் போகும். வால்யூம் பாட்டும் பக்கத்திலேயே இணையாக இருப்பதால் ஜாக்கில் காட்டும் எண் சற்றுக் குறைவாக இருக்கும். 6 கிலோ ஓம் பிக்கப்பும் 250 கிலோ ஓம் பாட்டும் சேர்ந்தால் 5.86. இரண்டு பிக்கப் ஒன்றாகப் பேசும் நிலையில் எண் ஏறக்குறையப் பாதியாகும்: இரண்டு 6 கிலோ ஓம் பிக்கப் என்றால் 3க்குக் கொஞ்சம் கீழே.

இந்தப் பாதியாகும் கணக்கு மிகவும் உதவும். 2ஆம் நிலையில் 2.96 வர வேண்டிய இடத்தில் 5.86 வந்தால், இரண்டில் ஒன்று சுற்றில் சேரவே இல்லை. எந்த ஒன்று என்பதை நீங்கள் ஏற்கெனவே தட்டிப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள்.

மற்ற எண்கள் சொல்வது வேறு. 20 கிலோ ஓமில் அளவு மீறியது என்று காட்டினால் மீட்டரை மேலே ஏற்றிப் பாருங்கள். 250 அல்லது 500 கிலோ ஓமுக்கு அருகில் ஏதாவது வந்தால் நீங்கள் அளப்பது பாட்டை மட்டும்தான், பிக்கப் பாதை அறுந்திருக்கிறது. அங்கேயும் ஒன்றும் வரவில்லை என்றால் அறுந்தது ஜாக்குக்கும் வால்யூம் பாட்டுக்கும் நடுவே. எல்லா நிலையிலும் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் சத்தம் போகும் ஒயர் எங்கோ எர்த்தில் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஜாக்கின் கால் (ஒயரை ஈயம் வைத்து ஒட்டும் முனை), குழிக்குள் ஒட்டிய செப்புத் தாளில் தொட்டிருப்பதை நிறையப் பார்க்கலாம். அங்கே ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் போதும். எண் நிலையாக இல்லாமல் துள்ளிக்கொண்டே இருந்தால் லூஸ் கான்டாக்ட் அல்லது அழுக்கு.

பேட்டரி போட்டு ஓடும் ஆக்டிவ் பிக்கப் இருந்தால் இந்த அளவு எதற்கும் ஆகாது. முதலில் புது 9 வோல்ட் பேட்டரி போடுங்கள். அப்படியும் பேசாவிட்டால், அந்த ஜாக்கில் மூன்று கால் இருக்கும், அதில் பேட்டரியின் மைனஸ் ஒயர் விட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

திறப்பது

இப்போது திறக்கலாம். தந்திகளைத் தளர்த்தி, பிக்கார்டின் திருகுகளை எடுத்து, மெதுவாகத் திருப்பிப் போடுங்கள். ஜாக்குக்கும் பிரிட்ஜுக்கும் போகும் ஒயர்கள் குட்டையாக இருக்கும், இழுத்துவிடாதீர்கள். கைப்பேசியில் மூன்று நான்கு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயரின் நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பி இறங்க வேண்டாம்.

ஆம்பை மறுபடி குறைந்த சத்தத்தில் போட்டு, ஒரு மூங்கில் குச்சியால் ஒவ்வொரு ஈய முனையையும் லேசாக அசையுங்கள். எரிந்து தீர்ந்த ஊதுபத்திக் குச்சி இதற்குச் சரியாக இருக்கும். மின்சாரம் கடத்தாது, நுனி மெல்லியது. எந்த முனையை அசைத்தால் கரகரக்கிறதோ அங்கே மறுபடி ஈயம் வைக்க வேண்டும். நன்றாகப் பிடித்த ஈயம் வழவழவென்று காலோடு சரிந்து படிந்திருக்கும். மங்கி, பொரிந்து, உருண்டையாக மேலே உட்கார்ந்திருந்தால் அது பிடிக்கவில்லை.

கத்தி வகை சுவிட்ச்

ஸ்ட்ராட்டின் ஐந்து நிலை சுவிட்ச் இந்த வகைதான். அதில் இரண்டு பக்கம், பக்கத்துக்கு நான்கு கால், மொத்தம் 8. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கால் பிக்கப்களுக்கு அல்லது டோன்களுக்கு, ஒன்று பொதுக் கால். வழக்கமான வயரிங்கில் மூன்று பிக்கப்பும் ஒரு பக்கத்தில் வரும், டோன்கள் மறுபக்கத்தில். இரண்டு பொதுக் கால்களையும் ஒரு சின்ன ஒயர் இணைக்கும். அந்தத் துண்டு ஒயர் விட்டுப்போனால் டோன் வேலை செய்யாது. வால்யூமுக்குப் போகும் ஒயர் எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, சத்தமே நின்றுபோகவும் கூடும்.

விலை குறைந்த கிட்டார்களில் 8 காலும் ஒரே வரிசையில் பச்சை அல்லது பழுப்பு அட்டையில் இருக்கும். அதில் எது பொதுக் கால் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், இணையத்தில் கிடைத்த படத்தை நம்பி ஒயரை மாற்றாதீர்கள். மீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, முதலில் 1ஆம் நிலையிலும் பிறகு 5ஆம் நிலையிலும் பாருங்கள். அந்தந்தப் பாதியில், இரண்டு நிலையிலும் வேறு வேறு காலோடு பீப் தருகிற கால் எதுவோ அதுதான் பொது. பிக்கப்பின் கிலோ ஓம் எதிர்ப்பு பீப்பை எழுப்பாது, அதனால் பிக்கப் ஒயர்களை எடுக்காமலேயே இதைச் செய்யலாம். இரண்டு பாதியையும் இணைக்கும் அந்தத் துண்டு ஒயரை மட்டும் ஒரு பக்கம் கழற்றிவிட்டால் குழப்பம் இருக்காது.

சுவிட்சைக் குற்றம் சொல்வதற்கு முன் உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி உண்டு. இரண்டு முனையிலும் கிளிப் உள்ள ஒயரை எடுத்து, ஊமையான பிக்கப்பின் காலிலிருந்து நேராகப் பொதுக் காலுக்குப் போடுங்கள். உடனே பிக்கப் பேசினால் சுவிட்ச்தான் குற்றவாளி. பேசாவிட்டால் பிக்கப் பக்கம் போங்கள்.

சுவிட்ச் என்று தெரிந்ததும் வாங்க ஓடாதீர்கள். கான்டாக்ட் கிளீனரைத் தொடுமுனைகளில் ஒரு சின்னப் பீய்ச்சு, அப்புறம் கைப்பிடியை முன்னும் பின்னும் நன்றாக ஓட்டுங்கள். கடலோரக் கிட்டார்களில் பாதிக்கு மேல் வேலை இங்கேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம். துரு எடுக்க வீட்டில் வைத்திருக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். அன்றைக்குச் சரியானது போலத் தெரியும், பிறகு அந்தப் பிசுபிசுப்பில் தூசி ஒட்டும்.

மூன்று நிலை டாகிள்

லெஸ் பால் வகை டாகிள் வேலை செய்யும் விதம் பலருக்குத் தெரியாது. நடுவில் இருக்கும்போது இரண்டு தகடுகளும் தொட்டபடி இருக்கும். கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் ஒரு தகடு விலகி, அந்தப் பிக்கப் பிரியும். ஆகவே பிரிட்ஜ் பக்கம் வைத்தும் நெக் கேட்டுக்கொண்டே இருந்தால், விலக வேண்டிய தகடு விலகவில்லை, வளைந்திருக்கிறது. ஒரு பக்கம் ஊமை என்றால் தொட வேண்டிய இடத்தில் அழுக்கு அல்லது தகட்டில் இறுக்கம் இல்லை.

சுத்தம் செய்யத் தடித்த தாளில் மெல்லிய பட்டை வெட்டி, கிளீனரில் நனைத்து, தொடும் இரண்டு முனைகளுக்கும் நடுவே நுழைத்து, மெல்ல அழுத்தி உருவுங்கள். தாளில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை திரும்பச் செய்யுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, தொடுமுனையின் மேல் பூச்சு போனால் அடுத்த மழைக்காலத்துக்குள் முன்பைவிட மோசமாகும்.

பிக்கப்பே போயிருந்தால்

பிக்கப்பின் இரண்டு ஒயரையும் சுற்றிலிருந்து எடுத்துத் தனியாக அளந்து பாருங்கள். அப்போதும் எண் வரவில்லை என்றால்தான் காயில் அறுந்தது உறுதி. உள்ளே இருப்பது 42 கேஜ் கம்பி, சுமார் 0.063 மில்லிமீட்டர் கனம், தலைமுடி அளவுதான். பிக்கப்பைத் திருப்பி, அந்த முடி போன்ற கம்பி அடித்தட்டின் ஓட்டையில் ஈயத்தோடு சேரும் இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பச்சைப் பூஞ்சை போல ஒரு பொட்டு தெரிந்தால் அங்கேதான் அரித்திருக்கிறது. அறுந்தது வெளிச்சுற்றின் முனை என்றால் ஒரு சுற்றை மெதுவாக அவிழ்த்து, நுனியின் பூச்சை நீக்கி, மறுபடி ஈயம் வைத்துவிடலாம். பொறுமையும் நல்ல வெளிச்சமும் வேண்டும். உள்முனை அறுந்திருந்தால் முழுதாகத் திரும்பச் சுற்ற வேண்டியதுதான், அது வீட்டு வேலை இல்லை.

ஹம்பக்கரில் இரண்டு காயில். 8 வர வேண்டிய இடத்தில் 4 வந்தால் ஒரு காயில் எர்த்தில் அடைந்திருக்கிறது. நான்கு ஒயர் பிக்கப்பில் இரண்டு ஒயரை ஒன்றாக முறுக்கி டேப் சுற்றி வைத்திருப்பார்கள், அந்த முடிச்சு எதிலாவது தொடுகிறதா என்று பாருங்கள். முடிச்சே பிரிந்திருந்தால் சத்தம் போய்விடும். நிறங்கள் பிக்கப் செய்யும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கவனம் தேவை: செய்மூர் டங்கனில் கறுப்பு சத்தம் போகும் ஒயர், சிவப்பும் வெள்ளையும் முடிச்சு, பச்சையும் வெற்றுக் கம்பியும் எர்த். டிமார்ஸியோவில் சிவப்பு சத்தம் போகும் ஒயர், கறுப்பும் வெள்ளையும் முடிச்சு, பச்சையும் வெற்றுக் கம்பியும் எர்த். ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதை இணைத்தால் நிச்சயம் தப்பாகும்.

தனியாக நன்று, சேர்ந்தால் மெலிவு

ஒவ்வொரு பிக்கப்பும் தனியாக நன்றாகக் கேட்கிறது, இரண்டைச் சேர்த்ததும் கனம் போய் மூக்கால் பேசுவது போல ஆகிறது. புதுப் பிக்கப் ஒன்றை மட்டும் மாற்றிய கிட்டாரில் இது வரும். இரண்டும் எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று அழிக்கின்றன.

இதையும் அளந்து பார்க்கலாம். மீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, பிக்கப்பின் மேல் ஸ்க்ரூ டிரைவரை ஒட்ட வைத்து, சட்டென்று பிடுங்குங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். எல்லாப் பிக்கப்பும் ஒரே திசையில் போக வேண்டும். ஒன்று மட்டும் எதிராகப் போனால் அதன் இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள். ஆனால் டெலிகாஸ்டர் கிட்டாரின் நெக் பிக்கப் போல உலோக மூடி இருந்தால், மூடியை எர்த் ஒயரோடு இணைக்கும் குட்டித் துண்டை முதலில் வெட்டி, மூடிக்குத் தனி எர்த் கொடுங்கள். இல்லாவிட்டால் மூடி முழுவதும் சத்தம் போகும் பாதையாகி, கை பட்டாலே இரையும்.

இரைச்சல்

இங்கே மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒற்றைக் காயில் பிக்கப் அந்த 50 ஹெர்ட்ஸ் உறுமலைப் பிடிப்பது அதன் பிறவிக் குணம். கிட்டாரோடு நீங்கள் மெதுவாகத் திரும்பும்போது இரைச்சல் கூடிக் குறைந்தால் வயரிங்கைத் தொட வேண்டாம், மண்டபத்தின் டியூப் லைட்டும் டிம்மரும் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரும்தான் காரணம். செப்புத் தாள் ஒட்டினால் எல்லாம் நிற்கும் என்று சொல்வார்கள். அது "ஜிர்ர்" என்ற கூர்மையான இரைச்சலைக் குறைக்கும், அடித்தொண்டை உறுமலைக் குறைக்காது. லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) நாட்களில் வாங்கி வைத்த மலிவு இன்வெர்ட்டரில் ஆம்பை ஓட்டினால் வரும் இரைச்சலும் கிட்டாரின் தப்பு இல்லை.

தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் சரியாக இருக்கிறது. எந்த மாற்றமும் இல்லை என்றால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் விட்டிருக்கிறது. தந்திக்கும் கேபிள் தண்டுக்கும் நடுவே மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். தொட்டால் கூடுகிறது என்றால் ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கின்றன.

தொட்டால் கையில் "சுர்" என்று ஏறினால் உடனே நிறுத்திவிட்டு ஆம்பின் பிளக்கை எடுங்கள். அது கிட்டாரின் பழுது அல்ல, ஆம்பிலோ மண்டபத்தின் எர்த்திலோ ஆபத்து இருக்கிறது. இரைச்சலைக் குறைக்க ஆம்ப் பிளக்கின் எர்த் முள்ளை எடுத்துவிடும் பழக்கத்தை இளைஞர்களிடம் பார்க்கிறேன். எந்தக் காரணத்துக்கும் அதைச் செய்யாதீர்கள், உயிர் போகிற விஷயம். இரண்டு முள் அடாப்டர் வழியாக ஆம்பைச் செருகுவதும் எர்த்தை வெட்டுவதற்குச் சமம்.

ஜோகன்னஸ்பர்க், லெனேசியா பக்கம் இருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. ஹைவெல்டு மேட்டுநிலத்தின் குளிர்காலக் காற்று மிகவும் வறண்டது. பிளாஸ்டிக் பிக்கார்டில் விரல் உரசினாலே படபடவென்று வெடிக்கும். அது நிலைமின்சாரம். துணி உலர்த்தும்போது போடும் ஆன்டிஸ்டாட்டிக் தாளால் பிக்கார்டைத் துடைத்தால் அடங்கும்.

பாட்டும் ஈயமும்

சுழற்றும்போது கரகரத்தால் பாட்டின் கால்களுக்கு மேலே உள்ள இடைவெளியில் கிளீனர் விட்டு, முழுச் சுற்றாகப் பலமுறை திருப்புங்கள். வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தும் சத்தம் முழுதாக அடங்கவில்லை, மங்கலாகத்தான் ஆகிறது என்றால், எர்த்துக்குப் போக வேண்டிய மூன்றாவது கால் விட்டிருக்கிறது. மாற்றுவதாக இருந்தால் ஒற்றைக் காயிலுக்கு 250, ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது பொதுவான வழக்கம்.

ஈயம் வைக்க 40 வாட் சால்டரிங் அயர்ன் போதும். வெப்பம் அமைக்க முடிந்தால் 350 டிகிரி. முதலில் காலையும் ஒயரையும் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் தானே உருகி ஓட வேண்டும். முனையில் உருக்கிக் கொண்டுபோய் அப்பினால் பிடிக்காது. சுவிட்ச் காலில் மூன்று நான்கு விநாடிக்கு மேல் வைத்தால் பிளாஸ்டிக் இளகிவிடும். பாட்டின் முதுகு சூட்டை நிறைய உறிஞ்சும், அங்கே கொஞ்சம் சுரண்டிவிட்டு ஈயம் வையுங்கள். ஈயப்புகையை முகர வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடித்ததும் கையைக் கழுவுங்கள்.

தந்தியை மறுபடி இறுக்குவதற்கு முன்பே, பிக்கார்டைத் திருகாமல் வெறுமனே வைத்து, ஜாக் வழியாக எல்லா நிலையையும் மறுபடி அளந்து, முதலில் எழுதிய தாளோடு ஒப்பிடுங்கள். பிறகு தட்டிப் பாருங்கள். சரியாக இருந்தால் அந்தத் தாளில் தேதி போட்டுக் கிட்டார் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் இருக்கட்டும். அடுத்த முறை சத்தம் தடுமாறும்போது எந்த எண் மாறியிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.